வழுக்கையை அளப்பது எப்படி?

சென்னையில் அபிராமபுரத்திலிருந்து ஆழ்வார்ப்பேட்டை வழியாகத் தியாகராய நகர் வரை செல்லும் ஒருவர், சாலையோர விளம்பரப் பலகைகளைச் சற்றுக் கவனித்தால் ஒரே வகையான இரு படங்களைத் திரும்பத் திரும்பக் காண்பார். ஒரு படத்தில் உச்சந்தலை பளபளக்கும். அதன் அடியில் 'முன்பு' என்று எழுதியிருக்கும். அடுத்த படத்தில் அதே தலை கருகருவென்று இருக்கும். அதன் அடியில் 'பின்பு' என்று எழுதியிருக்கும். இவ்விரு படங்களுக்கும் இடையில் நடந்தது என்ன? முடி வளர்ந்ததா? அல்லது விளக்கு மட்டும் இடம் மாறியதா?

இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், வழுக்கையை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி இருக்கிறது. தலையில் முடி குறைவதை எதைக் கொண்டு அளப்பது? சீப்பில் வரும் முடியை எண்ணியா? கண்ணாடியில் பார்த்தா? இரண்டும் போதா. தலைத்தோலை முறைப்படி படம் பிடித்து அளக்கும் வழிகளை மருத்துவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றைப் புரிந்துகொள்ள நீங்கள் பள்ளியில் படிக்கும் ஒளியியலும் எளிய கணக்குமே போதும்.

ஒரு முடியின் வாழ்க்கை

நம் தலையில் ஏறக்குறைய ஓர் இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் தோலுக்குள் புதைந்திருக்கும் மயிர்க்கால் என்னும் சிறு பையிலிருந்து வளர்கிறது. வெளியே தெரியும் முடி உயிரற்ற பொருள். கெராட்டின் என்னும் புரதத்தால் ஆன இழை. உயிரோடு இருந்து வேலை செய்வது தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள வேர்ப்பகுதியே.

மயிர்க்கால் இடைவிடாமல் வேலை செய்வதில்லை. வளர்பருவத்தில் அது 2 முதல் 6 ஆண்டுகள் வரை முடியை வளர்த்துக்கொண்டே இருக்கும். பின்னர் இரண்டு மூன்று வாரங்கள் நீடிக்கும் மாறுபருவம் வரும். அதன்பின் ஏறக்குறைய 3 மாதங்கள் ஓய்வுப் பருவம். ஓய்வு முடிந்ததும் பழைய முடி உதிர, அதே மயிர்க்காலில் புதிய முடி முளைக்கும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தலையில் உள்ள முடிகளில் 10 விழுக்காடு ஓய்வுப் பருவத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஓர் இலட்சத்தில் அது 10,000 முடிகள். ஓய்வுக் காலம் 100 நாள் என்று வைத்துக்கொண்டால், அந்த 10,000 முடிகளும் 100 நாட்களில் உதிர வேண்டும். அப்படியானால் நாள் ஒன்றுக்கு 100 முடிகள். காலையில் தலை வாரும்போது சீப்பில் முடி வந்தால் அஞ்சுகிறோமே, அது பெரும்பாலும் இயற்கையான உதிர்வுதான். ஆகவே சீப்பு நல்ல அளவுகோல் ஆகாது. உதிர்ந்தவற்றை மட்டும் அது காட்டும். அவற்றின் இடத்தில் முளைப்பவற்றைக் காட்டாது.

கொட்டுவது வேறு, மெலிவது வேறு

நெற்றியின் இருபுறமும் ஏறி, உச்சியில் வட்டமாக விழும் வழுக்கையைப் பலரிடமும் பார்த்திருப்பீர்கள். ஓர் ஒழுங்கான அமைப்பில் வருவதால் இதனை 'அமைப்பு வழுக்கை' எனலாம். பெண்களுக்கும் இது வரும். ஆனால் அவர்களுக்கு முன்நெற்றி ஓரம் பெரும்பாலும் அப்படியே இருக்க, நடு வகிடு அகன்றுகொண்டே போகும்.

இதன் காரணத்தை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன். பருவம் அடையும் முன்பே விந்தகங்களை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழாததை அவர் கண்டார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி குறையத் தொடங்கியது. ஹார்மோன், பரம்பரை ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் இவ்வழுக்கை வரும் என்பது 1942இல் அவர் வெளியிட்ட முடிவு.

பின்னர் 1974இல் இன்னொரு துப்பு கிடைத்தது. டொமினிக்கன் குடியரசு என்னும் தீவு நாட்டில் சில குடும்பங்களை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அக்குடும்பங்களில் சிலருக்கு, டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தது. அவர்களுக்கு அமைப்பு வழுக்கை விழவில்லை. அப்படியானால் மயிர்க்காலைத் தாக்குவது அந்த மாற்றுருவ ஹார்மோனே என்பது தெளிவாயிற்று.

இந்த ஹார்மோன் மயிர்க்காலை உடனே கொன்றுவிடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதைச் சிறிது சிறிதாகச் சுருக்குகிறது. வளர்பருவமும் குறுகுகிறது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். 36 மாதங்கள் வளர்ந்த முடி 36 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வளர்பருவம் 6 மாதமாகக் குறுகினால் அது 6 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். நீளம் குறைவதோடு முடியின் பருமனும் குறையும். இறுதியில் குழந்தையின் கன்னத்தில் உள்ளது போன்ற பூனைமுடிதான் எஞ்சும்.

பருமன் குறைவதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சிறு பரப்பில் 100 முடிகள். ஒவ்வொன்றின் விட்டமும் 0.08 மில்லிமீட்டர். அவற்றுள் 40 முடிகள் மெலிந்து 0.04 மில்லிமீட்டர் ஆகிவிட்டன. விட்டம் பாதியானால் குறுக்கு வெட்டுப் பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே அந்த 40 முடிகளும் 10 முடிகளுக்கே சமம். 60 கூட்டல் 10, மொத்தம் 70. எண்ணிக்கையில் ஒரு முடிகூடக் குறையவில்லை. ஆனாலும் அந்த இடத்தின் முடிப் பொருளில் 30 விழுக்காடு போய்விட்டது!

அமைப்பு வழுக்கையின் உயிர்நாடி இதுதான். முடி கொட்டுவதைவிட முடி மெலிவதே இதில் முதன்மையானது. அதனால்தான் எண்ணிக்கையோடு பருமனையும் அளக்க வேண்டியிருக்கிறது.

கண்ணால் தரம் பிரித்தல்

வழுக்கையின் படிநிலைகளை வரிசைப்படுத்தும் முயற்சியையும் ஹாமில்டனே 1951இல் தொடங்கினார். ஓடார் நார்வுட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1975இல் அதைத் திருத்தி, ஆண்களின் வழுக்கையை 7 நிலைகளாக வகுத்தார். முதல் நிலையில் முன்நெற்றி ஓரம் ஏறக்குறைய முழுமையாக இருக்கும். ஏழாம் நிலையில் காதோரமும் பிடரியிலும் மட்டும் குதிரை லாடம் போல் முடி எஞ்சியிருக்கும். பெண்களுக்கென 1977இல் லுட்விக் 3 நிலைகளை வகுத்தார்.

நம் நாட்டு மருத்துவர்களும் இந்த அளவுகோல்களைப் பயன்படுத்துகிறார்கள். முடி பற்றிய ஆராய்ச்சிக்கென்றே ஓர் உலக இதழ் 2009இல் இந்தியாவிலிருந்து தொடங்கியது. 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ட்ரைக்காலஜி' என்னும் அவ்விதழ் இந்திய முடி ஆராய்ச்சிக் கழகத்துக்கு உரியது. அதைத் தொடங்கி ஆசிரியராக நடத்தியவர் சென்னையின் மூத்த தோல் மருத்துவர் பேட்ரிக் யேசுடியன். முதல் ஆண்டிலேயே அவ்விதழில் 1,005 பேரை ஆராய்ந்த கட்டுரை ஒன்று வந்தது. 30 முதல் 50 வயது வரையுள்ள ஆண்களில் 58 விழுக்காட்டினரிடம் இவ்வழுக்கை ஏதேனும் ஒரு நிலையில் இருந்ததாக அக்கட்டுரை தெரிவித்தது. பாதிக்கு மேற்பட்டோரிடம் காணப்படும் ஒன்றை எண்ணி வெட்கப்பட என்ன இருக்கிறது?

நிலைப் படங்கள் எளியவை, செலவில்லாதவை. ஆனால் அவற்றில் ஒரு குறை உண்டு. ஒரே தலையைப் பார்த்து ஒரு மருத்துவர் மூன்றாம் நிலை என்பார். மற்றொருவர் நான்காம் நிலை என்பார். மேலும், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் செல்லப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆறு மாதச் சிகிச்சை பயன் தந்ததா என்பதை அவை காட்டமாட்டா. கிலோமீட்டர்க் கற்களைக் கொண்டு பென்சிலின் நீளத்தை அளக்க முடியுமா? நமக்கு இன்னும் நுண்ணிய அளவுகோல் வேண்டும்.

தலைத்தோலின்மேல் ஒரு உருப்பெருக்கி

தோலை உருப்பெருக்கிப் பார்க்கும் கைக்கருவியைத் தோல் மருத்துவர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகின்றனர். அதைத் தலையில் வைத்து முடியையும் மயிர்க்கால் வாயையும் ஆராயும் முறைக்கு 'ட்ரைக்காஸ்கோப்பி' என்று பெயர். 2006இல் போலந்து நாட்டு மருத்துவர்கள் லிடியா ருட்னிட்ஸ்கா, மால்கோர்சாட்டா ஓல்ஷெவ்ஸ்கா ஆகிய இருவரும் இப்பெயரை வழக்கிற்குக் கொண்டு வந்தனர். கைக்கருவி ஏறக்குறைய 10 மடங்கு பெருக்கிக் காட்டும். கணினியோடு இணைந்த கருவி 20 முதல் 70 மடங்கு வரை பெருக்கும். ஊசியில்லை, வெட்டில்லை, வலியில்லை.

இக்கருவியில் ஓர் அழகிய இயற்பியல் ஒளிந்திருக்கிறது. எண்ணெய் தேய்த்த தலையில் விளக்கொளி பட்டால் கண் கூசும் அளவுக்குப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு, தோலில் உள்ள நுட்பமான அடையாளங்களை மறைத்துவிடும். ஆகவே கருவியின் விளக்குக்கு முன்னால் ஒரு முனைவாக்கியை வைக்கிறார்கள். அதன் வழியே வரும் ஒளியலைகள் ஒரே தளத்தில் அதிரும். தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி அதே தளத்தில் அதிர்ந்துகொண்டே திரும்புகிறது. தோலுக்குள் நுழைந்து சிதறி வெளிவரும் ஒளியோ அந்த ஒழுங்கை இழந்துவிடுகிறது. பார்க்கும் வில்லையின் முன்னால் முதலாவதற்குச் செங்குத்தாக இன்னொரு முனைவாக்கியை வைத்தால், மேற்பரப்பின் பளபளப்பு தடுக்கப்படும். உள்ளிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதி மட்டும் கண்ணை அடையும். தோலின் உள்ளமைப்பு தெளிவாகத் தெரியும்.

இப்படிப் பார்க்கும்போது அமைப்பு வழுக்கை தன்னைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளம், தடித்த முடிகளும் மெல்லிய முடிகளும் அருகருகே கலந்து நிற்பதாகும். வயலில் வளர்ந்த நெற்பயிருக்கு நடுவே சோடைப் பயிர் நிற்பதுபோல் அது தோன்றும். ஒரு பரப்பில் உள்ள முடிகளில் 20 விழுக்காட்டுக்கு மேல் பருமன் வேறுபட்டிருந்தால், அதை அமைப்பு வழுக்கையின் அறிகுறியாகக் கொள்ளலாம் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2001இல் தெரிவித்தனர். சாதாரணமாக ஒரே துளையிலிருந்து இரண்டு மூன்று முடிகள் கொத்தாக வரும். வழுக்கை முற்ற முற்ற ஒற்றை முடிகளே மிகுதியாகும்.

மருத்துவர் பிடரியையும் தவறாமல் பார்ப்பார். பிடரியில் உள்ள மயிர்க்கால்கள் அந்த ஹார்மோனுக்கு எளிதில் பணிவதில்லை. வழுக்கை முற்றியவருக்கும் அங்கே முடி இருப்பதற்குக் காரணம் அதுவே. ஆகவே ஒருவருடைய உச்சியை அவருடைய பிடரியோடே ஒப்பிடலாம். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் சோதனைக் குழாயின் பக்கத்தில் மாற்றம் செய்யாத ஒரு குழாயை ஒப்பீட்டுக்காக வைக்கிறீர்கள் அல்லவா? இங்கு அந்த ஒப்பீட்டுக் குழாயை ஒவ்வொருவரும் தம் தலையிலேயே சுமந்து வருகிறார்கள்!

எல்லா முடி இழப்பும் அமைப்பு வழுக்கை அன்று. உருப்பெருக்கி பிற நோய்களையும் பிரித்துக் காட்டும். கடுமையான காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் சிலருக்கு முடி கொத்துக்கொத்தாக உதிரும். ஆனால் அப்போது எஞ்சிய முடிகளின் பருமன் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். இழந்த முடி பெரும்பாலும் திரும்ப வரும். புழுவெட்டு என்று நாம் சொல்லும் நோயில் புழு எதுவும் இல்லை. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தவறாக மயிர்க்காலைத் தாக்குகிறது. அங்கே அடி மெலிந்து நுனி தடித்த, வியப்புக்குறி போன்ற முடிகள் தெரியும். சிறுவர்களுக்குத் தலையில் வரும் படர்தாமரையில் முடிகள் காற்புள்ளி போல் வளைந்திருக்கும். இது பூஞ்சையால் வருவது, பிறருக்குத் தொற்றுவது, மருந்தால் குணமாவது. இதைச் சாதாரண முடி உதிர்வு என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால், வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்கும் பரவிவிடும்.

படப்புள்ளிகளின் கணக்கு

'கைப்பேசியில் தலையைப் படமெடுத்து அளக்கக் கூடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைப்பேசிப் படம் ஒன்றின் குறுக்கே 4,000 படப்புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள தலை முழுவதும் அப்படத்தில் அடங்கினால், ஒரு புள்ளி 0.05 மில்லிமீட்டரைக் குறிக்கும். 0.08 மில்லிமீட்டர் முடிக்கு ஒன்றரைப் புள்ளிதான் கிடைக்கும். 0.04 மில்லிமீட்டர் முடிக்கு ஒரு புள்ளிகூட முழுமையாகக் கிடைக்காது. அப்படத்தில் வழுக்கையின் பரவலைப் பார்க்கலாம். முடியின் பருமனை அளக்க முடியாது.

உருப்பெருக்கிக் கருவியில் 10 மில்லிமீட்டர் அகலமுள்ள பரப்பை 1,000 புள்ளிகளில் படமாக்கினாலே ஒரு புள்ளி 0.01 மில்லிமீட்டர் ஆகிவிடும். தடித்த முடி 8 புள்ளி, மெலிந்த முடி 4 புள்ளி. இப்போது இரண்டையும் பிரித்தறியலாம். முழுத்தலைப் படம் நாட்டுப்படம் என்றால், உருப்பெருக்கிப் படம் தெருவரைபடம். மருத்துவருக்கு இரண்டும் வேண்டும்.

மொட்டைத் தலை சொல்லும் பாடம்

பழநியிலோ திருப்பதியிலோ முடி காணிக்கை கொடுத்து வந்தவரின் தலையை மூன்றாம் நாள் உற்றுப் பாருங்கள். கருப்பு முளைகள் தோலுக்கு மேலே எட்டிப் பார்க்கும். முடி நாளொன்றுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை வளர்வதால், மூன்று நாளில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆகும். ஆனால் எல்லா முடிகளும் வளர்ந்திருக்குமா? இல்லை. ஓய்வுப் பருவத்தில் உள்ளவை அப்படியே இருக்கும்.

இந்த உண்மையின் மேல் எழுந்ததே 'ஃபோட்டோட்ரைக்கோகிராம்' என்னும் முறை. தலையில் ஒரு சிறு பரப்பை மட்டும் ஒட்ட வெட்டிப் படமெடுப்பார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அதே இடத்தை மீண்டும் படமெடுப்பார்கள். இரு படங்களையும் ஒப்பிட்டு, நீண்டவற்றை வளர்பருவம் என்றும் நீளாதவற்றை ஓய்வுப் பருவம் என்றும் எண்ணுவார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் இவ்வாறு நெருக்கப் படங்கள் மூலம் முடியின் சுழற்சியைப் பின்தொடர்ந்து 1970இல் வெளியிட்டனர். எண்ணும் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் முறையை ஜெர்மானிய மருத்துவர் ரோல்ஃப் ஹாஃப்மன் 2001இல் அறிவித்தார். நரைத்த முடி தோலின் நிறத்திலிருந்து பிரிந்து தெரியாதாகையால், எண்ணுமுன் அதற்குச் சாயம் பூசுவதும் உண்டு. கணினியும் வேறுபாடு தெரிந்தால்தான் எண்ணும்.

எடுத்துக்காட்டாக ஒரு பரப்பில் 100 முளைகள் இருந்து அவற்றில் 88 நீண்டிருந்தால், 88 விழுக்காடு வளர்பருவம் என்போம். அமைப்பு வழுக்கை உள்ள இடத்தில் இந்த எண் குறையும்.

இங்கேயே ஒரு பழைய நம்பிக்கையையும் ஆராய்ந்துவிடலாம். 'மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும்' என்பார்கள். சவரக் கத்தி தோலுக்கு மேலே உள்ள உயிரற்ற இழையைத்தான் வெட்டுகிறது. உள்ளே உள்ள வேரை அது தொடுவதே இல்லை. கூர்மையான நுனி போய் மொட்டையான நுனி வருவதாலும், குட்டை முடி விறைப்பாக நிற்பதாலும் தடித்ததுபோல் தோன்றுகிறது. அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928லேயே இதை அளந்து பார்த்தார். சவரம் செய்வதால் முடியின் பருமனும் கூடவில்லை; வளரும் வேகமும் கூடவில்லை.

ஓர் அங்குல வட்டம்

முறையான அளவை எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு மருந்தின் வரலாறு சான்று. முன்சொன்ன நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு என்னும் மருந்து, 18 முதல் 41 வயது வரையுள்ள 1,553 ஆண்களிடம் சோதிக்கப்பட்டது. முடிவுகள் 1998இல் வெளியாயின. உச்சியில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தைத் தேர்ந்து, அதே இடத்தை மீண்டும் தவறாமல் கண்டுபிடிப்பதற்காக ஒரு சிறு புள்ளியைப் பச்சை குத்தினார்கள். அவ்வட்டத்தின் பரப்பு 5.1 சதுர சென்டிமீட்டர். தொடக்கத்தில் அதில் சராசரியாக 876 முடிகள். சிலருக்கு மருந்தும், சிலருக்கு மருந்தில்லா வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து மருந்து உண்டவர்களின் வட்டத்தில், மற்றவர்களைவிட 107 முடிகள் மிகுதியாக இருந்தன.

876இல் 107 என்பது ஏறக்குறைய 12 விழுக்காடு. நாள்தோறும் கண்ணாடி பார்க்கும் ஒருவரால் ஓராண்டில் ஏற்பட்ட 12 விழுக்காட்டு மாறுதலை உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாது. நம்பிக்கை மிகுந்தவர் வளர்ந்தது என்பார். அச்சம் மிகுந்தவர் கொட்டியது என்பார். புள்ளி குத்திய வட்டம் ஆசைக்கும் அச்சத்துக்கும் இடம் தராது.

இது மருத்துவர் மேற்பார்வையில் வயது வந்த ஆண்களுக்கு மட்டும் தரப்படும் மருந்து. பள்ளி மாணவர்களுக்கு உரியதன்று. பக்க விளைவுகளும் உண்டு. அளவை முறையை விளக்கவே இதை இங்குக் குறிப்பிட்டோம்.

விளக்கு செய்யும் மாயம்

இப்போது 'முன்பு, பின்பு' படங்களுக்கு வருவோம். ஒரே தலையை ஒரே நாளில் இரு வேறு தலைகளாகக் காட்டுவது கடினமன்று. முடியை நனைத்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடையில் தோல் தெரியும். உலர்த்திச் சீவினால் தோல் மறையும். விளக்கை நேர் மேலே வைத்தால் உச்சி பளபளக்கும். பக்கவாட்டில் வைத்தால் முடியின் நிழல் தோலை மறைக்கும். தலையைச் சற்றுக் குனிந்தால் வழுக்கை பெரிதாகும், நிமிர்ந்தால் சிறிதாகும். முடியை இரண்டு அங்குலம் வளரவிட்டாலே போதும், பாதி வழுக்கை ஒளிந்துகொள்ளும்.

அதனால் ஆராய்ச்சிக்குப் படமெடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நிலையில் வைக்கிறார்கள். முகவாயைத் தாங்கியில் வைத்துத் தலையை அசையாமல் நிறுத்துகிறார்கள். ஒரே தூரம், ஒரே விளக்கு, ஒரே வகிடு, ஒரே முடி நீளம், உலர்ந்த தலை. பின்னர் யார் மருந்து உண்டவர் என்பதை அறியாத நடுவர்களிடம் அப்படங்களைக் கொடுத்து மதிப்பிடச் செய்கிறார்கள். ஃபினாஸ்டரைடு சோதனையில் இவ்வாறு மதிப்பிட்டபோது, ஓராண்டில் மருந்து உண்டவர்களில் 48 விழுக்காட்டினரின் முடி மேம்பட்டதாகத் தெரிந்தது. வெறும் மாத்திரை உண்டவர்களிலும் 7 விழுக்காட்டினர் மேம்பட்டதாகவே நடுவர்களுக்குத் தோன்றியது! எவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் கண் இவ்வளவு ஏமாறும் என்றால், கட்டுப்பாடே இல்லாத விளம்பரப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம் நாட்டு மருந்து விதிகளிலும் இதுபற்றிய எச்சரிக்கை உண்டு. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகள் உரிமை கொண்டாடக் கூடாது என்று கூறும் 'ஜே' பட்டியலில் வழுக்கையும் இடம் பெற்றிருக்கிறது. தலையில் முடி குறைவதாக எண்ணும் இளைஞர் ஒருவர் மாதந்தோறும் புதுப்புது எண்ணெய்க்குப் பணம் செலவழிக்குமுன், ஒரு தோல் மருத்துவரிடம் ஒருமுறை தலையைக் காட்டுவது நல்லது. காரணம் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். சென்ற மாதங்களில் வந்த காய்ச்சலாக இருக்கலாம். இறுக்கிப் பின்னிய சடையாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பரம்பரை வழுக்கைதான் என்று தெரிந்தாலும், அது உடலுக்குத் தீங்கு செய்யும் நோயன்று என்பதைத் தெரிந்துகொண்டு, சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று அமைதியாக முடிவு செய்யலாம்.

செய்து பாருங்கள்

முடியின் பருமனைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே அளக்கலாம். ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள். லேசர் ஒளியைக் கண்ணால் நேரே பார்க்கக் கூடாது. பிறர் கண்ணில் படும்படி திருப்பவும் கூடாது.

தேவையானவை: சிவப்பு லேசர் சுட்டி, ஓர் அட்டைச் சட்டம், ஒட்டும் நாடா, அளவுகோல், வெள்ளைச் சுவர்.

உதிர்ந்த முடி ஒன்றைச் சட்டத்தின் நடுவே செங்குத்தாக இழுத்து ஒட்டுங்கள். சுவரிலிருந்து சட்டம் 2 மீட்டர் தள்ளி நிற்கட்டும். அறையை இருட்டாக்கி, லேசர் ஒளி முடியின்மேல் விழச் செய்யுங்கள். சுவரில் ஒளியும் இருளும் மாறி மாறி வரிசையாகத் தெரியும். முடியின் இரு ஓரங்களிலும் ஒளி வளைந்து சென்று குறுக்கிடுவதால் இவ்வரிசை உண்டாகிறது. நடு ஒளித்திட்டின் ஒரே பக்கத்தில் உள்ள, அடுத்தடுத்த இரு இருள் இடங்களின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

முடியின் விட்டம் = ஒளியின் அலைநீளம் × சுவரின் தூரம் ÷ இருள் இடங்களின் இடைவெளி

சிவப்பு லேசரின் அலைநீளம் 0.00065 மில்லிமீட்டர் என்றும், இடைவெளி 20 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், விட்டம் 0.00065 × 2000 ÷ 20 = 0.065 மில்லிமீட்டர். முடி மெலிய மெலிய இடைவெளி அகலும் என்பதைக் கவனியுங்கள். உங்கள் முடி, தாத்தாவின் முடி, புருவ முடி ஆகியவற்றை அளந்து பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து சராசரி காணுங்கள். மூன்று விடைகளும் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அதைவிடச் சிறிய மாறுதலை உங்கள் கருவியால் கண்டறிய முடியாது. அளவை எடுக்கும் எவரும் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இதுவே.

பயிற்சி வினாக்கள்

1. ஓர் அங்குல வட்டத்தின் பரப்பு 5.1 சதுர சென்டிமீட்டர். அதில் 876 முடிகள் இருந்தால், 1 சதுர சென்டிமீட்டரில் எத்தனை?

2. ஒட்ட வெட்டிய பரப்பில் 120 முளைகள். மூன்றாம் நாள் அவற்றில் 90 மட்டும் நீண்டிருந்தன. ஓய்வுப் பருவத்தில் உள்ளவை எத்தனை விழுக்காடு?

3. மேற்கண்ட லேசர் சோதனையில் இடைவெளி 26 மில்லிமீட்டர் எனில், முடியின் விட்டம் என்ன?

4. ஒரு 'முன்பு, பின்பு' விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, விளக்கு, தலையின் சாய்வு, வகிடு, முடியின் நீளம், ஈரம் ஆகிய ஐந்தும் இரு படங்களிலும் ஒத்திருக்கின்றனவா என்று பட்டியலிடுக.

விடைகள்: 1. ஏறக்குறைய 172. 2. 25 விழுக்காடு. 3. 0.05 மில்லிமீட்டர். 4. விடையை உங்கள் வகுப்பில் கலந்து பேசுங்கள்.